அரைப்பேர்

ஆள் தேடி மூன்று பையன்கள் வந்தார்கள்.
நோர்வூட்டில் போன் திருத்தும் டிலுக்சன்,
அவன் மச்சான்,
லைட் தூக்க இன்னொருத்தன்.
பேய்ப்படமாம்.
பாதி மனுசன் பாதி மெஷின்,
மூடிக்கிடக்கும் ஸ்டோருக்குள் ராத்திரியில் எழும்பி
வாட்சரைக் கொல்லுமாம்.
“உங்களுக்கு மேக்கப்பே வேணாம் மாமா” என்றான் மச்சான்.
டிலுக்சன் அவன் காலை மிதித்தது
எனக்குக் கேட்டது.

என்ன தருவீங்க என்றேன்.
ஒரு ராத்திரிக்கு ஒரு முழுப்பேர்.
கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால்
என் பெண்சாதிக்கு அரைப்பேர் போடுகிற தோட்டத்தில்
அரை ஆளுக்கு முழுப்பேர்.
சரி என்றேன். யோசிக்கவில்லை.

மாதிரிக்கு ஒரு படம் காட்டினார்கள் போனில்.
சிவப்புக் கண். இரும்புத் தாடை.
சுட்டாலும் நடக்கிறது, எரித்தாலும் நடக்கிறது.
ஒரு இடத்திலும் அது சட்டைப் பொத்தான் போடவில்லை.
வார் உரசிய இடத்தில் பவுடர் பூசவில்லை.
இல்லாத சுண்டுவிரல் அரித்து
நடுச்சாமத்தில் எழும்பி உட்காரவில்லை.
எங்கள் மழைக்கு ஒரு கிழமை தாங்காது அது.

என் கை கண்டியில் அளவெடுத்தது.
நிறத்தை மட்டும் யாரோ வெள்ளைக்காரனுக்கு ஊற்றியிருந்தார்கள்.
தோளைக் குலுக்கினால் இரண்டு விரல் திறக்கும்,
விட்டால் மூடும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.
கானோரம் உட்கார்ந்திருந்த ஒரு நாள்
அட்டை ஒன்று அந்த விரலில் ஏறியது.
மணிக்கட்டு வரை முழம் போட்டது.
தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டியது.
பிறகு இறங்கிப் போய்விட்டது.
டாக்டர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

வாட்சருக்குக் கால் போத்தல் கொடுத்து உள்ளே போனோம்.
வாட்டும் தட்டெல்லாம் வெளவால் புழுக்கை.
மூன்றாம் ரோலர் அதே இடத்தில்.
கடைசி ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு
துருவோடு துருவாகக் காய்ந்திருந்தது.
“கத்துங்க மாமா” என்றான் டிலுக்சன் இருட்டுக்குள்ளிருந்து,
“கை போன அன்னைக்குக் கத்தினீங்கள்ல, அந்த மாதிரி.”

நான் கத்தவில்லை, தம்பி.
ரோலர்தான் கத்தியது.
ஈரக்கட்டி சிக்கினால் ஒரு இழுப்பு இழுக்குமே, அந்தச் சத்தம்.
பெல்ட் சறுக்கியது.
ஓடிவந்த மெக்கானிக் முதலில் கேட்டது:
“மெஷினுக்கு என்ன?”
என் வாயிலும் அதே கேள்விதான் இருந்தது.
அன்றைக்கு ரோலர் நிறையக் கொழுந்து.
அதைக் கொட்டினார்களா,
காயவைத்துச் சலித்துப் பெட்டியில் போட்டார்களா,
நானும் கேட்கவில்லை
யாரும் சொல்லவுமில்லை.

லைட் ஆடியது.
பிடித்திருந்த பையன் வெளியே போய் வாந்தியெடுத்தான்.
பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை
அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை,
என்னைத் தவிர.

விடியப்போகும்போது ஒரு சிக்கல்.
கதையில் அதை எப்படிக் கொல்வது?
தண்ணீர் ஊற்றலாம் என்றான் ஒருத்தன்.
கரண்ட் வைக்கலாம் என்றான் மற்றவன்.
வாரைக் கழற்றிக் காட்டினேன்.
ராத்திரியில் சீனி டின்னுக்குப் பக்கத்தில் வைப்பேன்,
பூனை சில நாள் தட்டிவிடும் என்றேன்.
மச்சான் கொஞ்சநேரம் படம் எடுத்தான்.
பிறகு போனைத் தாழ்த்திக்கொண்டான்.

மாட்டி முடிக்கும்வரை காத்திருந்து
டிலுக்சன் காசை எண்ணித் தந்தான்,
குறையில்லை,
இடது கையில்.
தெரிந்து வைத்தானா தூக்கக் கலக்கமா, கேட்கவில்லை.
அந்தக் கைக்கு அதுவரை யாரும் எதுவும் தந்ததில்லை.
விரல் மூடிக்கொண்டது.

மூடுபனிக்குள் லயத்துக்கு இறங்கினேன்.
பிரட்டுக்குப் புறப்பட்ட பெண்சாதி
வாசலில் கை நீட்டும்வரை
தோளைக் குலுக்கவில்லை நான்.